டிகிரிப் பந்தயம்

"உங்க நம்பர் என்ன கிரி?" என்று சடகோபன் கேட்டபோது, கீழே எத்தனை டிகிரி இருக்கும் என்றுதான் அருணகிரியும் யோசித்துக்கொண்டிருந்தான். சடகோபன் கேட்டது இன்னும் சற்று நேரத்தில் இறங்கப்போகிற சென்னையைப் பற்றி. அருணகிரி யோசித்தது தன் ஷூவுக்குக் கீழே, கால்விரிப்புக்கும் தகட்டுக்கும் கீழே, பயணிகளின் மூட்டைமுடிச்சும் சரக்கும் அடைத்த இருட்டறையைப் பற்றி. அங்கேதான் அவனுடைய அண்ணன் வள்ளிநாயகம், தகரப் பட்டை வைத்து அடித்த பலகைப் பெட்டிக்குள் படுத்தபடி சென்னைக்கு வந்துகொண்டிருந்தான். "நாலு," என்றான் அருணகிரி. நடைவழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெஞ்சமின் சிரித்தார். "சென்னைக்கு நாலா? ஆளு இன்னும் டெல்லியை விட்டே கிளம்பலை." "விடுங்க சார், சொன்னது சொன்னதுதான். பந்தயம்னு வந்துட்டா மாத்தக் கூடாது," என்றார் சடகோபன். வெள்ளிக்கிழமைப் பகல் விமானத்தின் ஆறாம் வரிசையில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. திங்கள் காலை டெல்லிக்குப் போய் வெள்ளியன்று திரும்புகிறவர்கள் இந்த மூவரும். சடகோபன் மருந்துக் கம்பெனி, பெஞ்சமின் இன்சூரன்ஸ், அருணகிரி தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு விற்கிறவன். இறங்குவதற்கு முன் கேப்டன் மைக்கில் வந்து வெளியே எத்தனை டிகிரி என்று சொல்வாரே, அதற்குள் ஆளுக்கு ஓர் எண் சொல்லிவிட வேண்டும். யாருடைய எண் ரொம்பத் தள்ளிப்போகிறதோ அவர்தான் மூன்று பேருக்கும் கார் பிடிக்க வேண்டும். ஒரே காரில் போய் அசோக் நகரில் ஒருவர், கே.கே.நகரில் ஒருவர், கடைசியாக வளசரவாக்கத்தில் அருணகிரி என்று இறங்கிக்கொள்வார்கள். கேப்டன் வந்தார். கல்யாண வீட்டு வரவேற்பாளர் மாதிரியான குரலில், வெளியே முப்பது டிகிரி என்றார். "முப்பது. நான் சொன்ன அதே முப்பது," என்று தொடையில் தட்டிக்கொண்டார் சடகோபன். "கிரி, இன்னைக்குக் கார் உங்களுது." நாலு என்பது புதன்கிழமை இரவு டெல்லியில் அடித்த குளிர். இன்று காலைப் பேப்பரில் முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அண்ணனைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை. டிகிரிக்கு இடம் இருந்தது.

அருணகிரிக்கும் சடகோபனுக்கும் நடுவில் இருந்த இருக்கை காலி. அது தானாகக் காலியானதல்ல. ஜன்னலோரத்தை ஒருவரும் நடைவழி ஓரத்தை ஒருவரும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் இரண்டு அந்நியர்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார யாருக்கும் மனம் வராது, கடைசிவரை காலியாகவே கிடக்கும் என்பது அடிக்கடி பறக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த உபாயம். அந்தக் காலி இருக்கையில் சடகோபனின் கறுப்பு ஓவர்கோட் கைகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே பட்டுத்துணி, அதற்கும் உள்ளே பஞ்சு. ஒரு கோட் உட்கார்ந்துகொண்டு வருகிறது, மனுஷன் படுத்துக்கொண்டு வருகிறான் என்று நினைத்தபோது அருணகிரிக்கு அந்தக் கோட்டின் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. சடகோபன் அதற்குள் ஆரம்பித்துவிட்டிருந்தார். "என்ன சொன்னாலும் டெல்லிக் குளிர் டீசன்டான ஆளு சார். மேல மேல போட்டுக்கிட்டா போதும், மரியாதையா ஒதுங்கிப் போயிடும். நம்ம ஊர் வேக்காடு அப்படியா? எவ்வளவுதான் கழட்டுறது? ஒரு அளவுக்கு மேல கழட்டினா போலீஸ் வந்துடும்." பெஞ்சமின் சொன்னார்: "மே மாசம் எங்க வீட்ல ஃபிரிட்ஜைத் திறந்து வெச்சிக்கிட்டு அது முன்னாடி நின்னுதான் குடும்ப ஜெபம். போன வருஷம் என் சம்சாரத்தை டெல்லிக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு நாளும் ரஜாய்ப் போர்வைக்குள்ள இருந்து தலையை வெளிய நீட்டலை. செங்கோட்டை பாக்கலியான்னேன். போட்டோல பாத்துக்கிறேன், நீங்க கதவைச் சாத்துங்கன்னுட்டா." முன் வரிசையில் யாரோ ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மேல மேல போட்டுக்கலாம். அருணகிரிக்கு அந்த மூன்று சொற்கள் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றன. எச்சிலை விழுங்கினால் குத்தியது. விழுங்காமல் இருந்தாலும் குத்தியது. புதன்கிழமை இரவு அண்ணன் மேல மேல போட்டுக்கொண்டுதான் இருந்தான். இரண்டு பனியன், மூன்று சட்டை, கைலிக்கு மேலே கைலி, தலையில் துண்டு, அதற்கு மேலே பந்தி விரிப்பு ஒன்று. ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கோணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். கழட்டுவதற்கு அளவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. இதை இப்போது சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டிருக்கிற இந்த வாய்க்கு முன்னால் அந்தக் கோணிப்பையைக் கொட்ட வேண்டும். போட்டுக்கிட்டானே சார், நீங்க சொன்ன மாதிரியே போட்டுக்கிட்டானே என்று. ஆனால் அந்த வாக்கியம் அங்கேயே முறுக்கிக்கொண்டது. ஏனென்றால் மேல மேல போட்டுக்கலாம் என்பதை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனது சடகோபன் இல்லை. ஹோட்டலிலிருந்து சின்னச் சோப்பையும் ஷாம்புப் புட்டியையும் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி, இந்தப் பேச்சையும் அருணகிரிதான் கொண்டுபோனான். அனகாபுத்தூரில் அண்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், தட்டில் ரசத்தோடு. டெல்லிக் கல்யாணங்களுக்கு ஒரு மாதம் சமைக்க வரச்சொல்லி அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். "குளிருமாமே தம்பி," என்றாள் கோமதி மதினி. குளிருக்கு மேல மேல போட்டுக்கலாம் மதினி, மெட்ராஸ் வேக்காட்டுக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியாது என்று அவன் சொன்னான். மதினி சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். இருபத்தைந்து வருஷமாகக் கோட்டை அடுப்பின் முன்னால் நின்று கல்யாணச் சமையல் செய்கிறவன் அண்ணன். சித்திரை வைகாசியில் மண்டபத்துச் சமையல்கட்டில் அண்ணனைப் பார்த்தால் அழுகிறானா வேர்க்கிறானா என்று தெரியாது. சாம்பார் அண்டாவில் வியர்வை விழாமல் இருக்க நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பான். அவன் உடம்பில் எப்போதும் பெருங்காய வாசனையும் வேர்க்குருப் பவுடர் வாசனையும். "ஒரு மாசம் வேர்க்காம வேலை பாத்துட்டு வாரேன் கோமதி. அது போதும் எனக்கு," என்றான். அவ்வளவுதான் அவன் ஆசை. வேர்க்காமல் ஒரு மாதம். அதையும் வாங்கிக்கொண்டான். பிணவறையில் அவன் நெற்றி காய்ந்து போய் இருந்தது. அருணகிரிக்கு நினைவு தெரிந்து அந்த நெற்றியை அப்படிப் பார்த்ததே இல்லை.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. கீழே பெட்டியும் சாய்ந்திருக்கும். கட்டியிருப்பார்கள். கட்டியிருப்பார்களா? டெல்லியில் சரக்கு வாங்குகிற இடத்தில் மேசைக்குப் பின்னாலிருந்தவனிடம் அருணகிரி கேட்டான், உள்ளே எத்தனை டிகிரி இருக்கும் என்று. அவன் ஹிந்தியில், நாய்க்குட்டிகளே போகுது சார், கவலைப்படாதீங்க என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நல்ல எண்ணத்தில் சொல்கிறவர்களை என்ன செய்வது? அண்ணனை டெல்லிக்கு வரச்சொன்ன சமையல் காண்டிராக்டரும் நல்ல எண்ணத்தில்தான் பேசினான். டெல்லியிலேயே இருந்துவிட்ட தமிழன். ஆஸ்பத்திரி வாசலில் கம்பளித் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, "ஷட்டரை அவரேதான் சார் இறக்கியிருக்காரு. அடுப்புல மிஞ்சின கரித்தணலைச் சட்டியில அள்ளிட்டுப் போய் உள்ள வெச்சிக்கிட்டு, ஷட்டரை முழுசா இறக்கிட்டுப் படுத்துட்டாரு. புகை தெரியாது சார் அதுல, மூச்சு மட்டும் நின்னுடும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். நம்ம ஊர் உடம்புக்குக் குளிர் தாங்காது சார்," என்றான். சாமான் போடுகிற அறை அது. ஜன்னல் இல்லை. கல்யாண மண்டபத்துக்குள்ளே ஏன் படுக்க விடவில்லை என்று அருணகிரி கேட்டான். "கார்ப்பெட் சார். எண்ணெய்ப் பிசுக்கு பட்டா மண்டபக்காரன் கத்துவான்." கார்ப்பெட். அருணகிரி அந்த மண்டபத்துக்கும் போய்ப் பார்த்தான். பின்னால் பெரிய புல்வெளி. அங்கே ஆள் உயரக் கம்பங்களின் உச்சியில் குடை கவிழ்த்த மாதிரி கேஸ் அடுப்புகள். விருந்தாளிகள் குளிர் காய்வதற்கு, நாற்காலி வட்டத்துக்கு ஒன்று. திறந்த வெளியில், ஆகாசத்துக்குச் சூடு காட்டிக்கொண்டு விடியவிடிய எரிந்திருக்கின்றன. அவன் போனபோது அவற்றைச் சாய்த்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அடுத்த கல்யாணத்துக்கு. அதே புதன்கிழமை, அதே ஊரில், ஆறேழு மைல் தள்ளி ஹோட்டல் அறையில் அருணகிரி பனியனோடு படுத்திருந்தான். ரூம் வேகுது, ஹீட்டரைக் குறைங்க என்று வரவேற்பறைக்குப் போன் போட்டான். ரூம் வேகுது. அதற்கு முந்தின நாள் அண்ணன் போனில், "கிரி, தேங்கா எண்ணெ பாட்டில்ல கல்லா கெடக்குடா. தாளிக்க எண்ணெய ஒடச்சுல்லா எடுக்கணும் போல," என்று சிரித்தான். "அடுப்ப விட்டு நகர மனசு வரலை. நானா பேசுதேன்னு கேக்காத. ஆமா, நாந்தான்." ஆயுசு பூராவும் அடுப்பை விட்டு நகர ஆசைப்பட்டவன். நகர்ந்து போனவனை அடுப்பு படுக்கைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டது. இல்லை, இப்படியெல்லாம் அழகாக யோசிக்கக் கூடாது. அடுப்பு ஒன்றும் செய்யவில்லை. கார்ப்பெட்டில் படுக்க விடவில்லை, அவ்வளவுதான். இன்று காலை மதினி போனில் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தம்பி, அங்க எறக்குனதும் வெயில்ல போட்டு வெச்சிராதிய. வாழ்நாள் பூரா வேக்காட்டுலயே நின்ன மனுசன். எறங்குன ஒடனே ஓடிப் போயி நெழலுக்குக் கொண்டாந்துருங்க. நாங்க வண்டியோட அந்தச் சரக்கு வாசல்ல நிக்கோம்." போய்விடுகிறேன் மதினி, இறங்கினதும் நேராக அங்கேதான் என்று அவன் சொன்னான். பெற்றுக்கொள்பவர் என்று சரக்குச் சீட்டில் அவன் பெயர்தான் இருந்தது. அந்தச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. அவன் போய்க் கையெழுத்துப் போடாமல் பெட்டியை யாரும் தொட முடியாது.

சக்கரங்கள் தரையில் இடித்தன. நிற்பதற்கு முன்பே ஆறாம் வரிசை எழுந்து நின்றுவிட்டது. அதுவும் ஒரு பழக்கம். மேலே இருந்து பையை எடுத்து, கைப்பிடியை நீட்டி, கதவைப் பார்த்து நிற்பது. சடகோபன் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, "ஸ்வெட்டரைக் கழட்டிடுங்க கிரி. வெளிய போனா இட்லிதான்," என்றார். அருணகிரி கழற்றவில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். இந்தச் சிரிப்பு இனி எந்த வெள்ளிக்கிழமையும் இந்த வரிசையில் எழக் கூடாது. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் நல்ல வாக்கியமாக இருக்க வேண்டும். "சார், உங்க ஜோக்கைக் கேட்டு ஒருத்தன் செத்துப் போயிருக்கான்." இல்லை, அது பொய், சடகோபனுக்கு அண்ணனைத் தெரியவே தெரியாது. "சார், குளிர் டீசன்ட்டுன்னு சொன்னீங்களே." இது கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. காலையில் டெல்லியில் வரிசையில் நிற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சடகோபன் முதுகில் தட்டி, "என்ன கிரி, கண்ணெல்லாம் செவந்திருக்கு, நேத்து பார்ட்டியா?" என்றபோது, தூக்கமில்லை என்று சொல்லித் தொலைத்தான். ஒரு தடவை சொல்லாமல் விட்டதை அப்புறம் எப்படிச் சொல்வது? நேரம் போகப்போகச் சொல்லுக்கு எடை கூடிக்கொண்டே போகிறது. டெல்லியில் அண்ணனைத் தராசில் வைத்தார்கள். பெட்டியோடு சேர்த்து. அதற்கு முன்னால் தராசில் பூப்பெட்டி இருந்தது, அதற்குப் பின்னால் ஏதோ மோட்டார். சாமான் எடை போடுகிற இடத்தில் சாமானைத்தான் எடை போடுவார்கள், அதற்கு ஏன் கோபம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். இருந்தாலும் கோபம் நின்ற இடத்திலேயே நின்றது. முன்னால் சடகோபனின் பிடரி நடந்து போனது. சுத்தமாகச் சிரைத்த, பவுடர் போட்ட பிடரி. அந்தப் பிடரியைப் பார்த்தே அருணகிரி நடந்தான். "உங்க கோட் எத்தனை கிலோ சார்?" என்று ஆரம்பிக்கலாம். சாதாரணமாக ஆரம்பித்து மெதுவாக இறுக்கலாம். இவர் கோட்டின் எடையைச் சொல்வார். எங்க அண்ணனை எடை போட்டாங்க சார் என்று அப்போது சொல்லலாம். சாமான் வந்து விழுகிற சுழல்பட்டையில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இவர்கள் மூவரும் அந்தப் பக்கம் திரும்பாமலே போனார்கள். கைப்பையோடு மட்டும் பயணம் செய்கிறவர்களுக்கு அந்தப் பட்டை கண்ணில் படுவதே இல்லை. "பாவம், இவங்க நாளைக்குத்தான் வீட்டுக்குப் போவாங்க," என்றார் பெஞ்சமின். அவர் எப்போதும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வார். "கிரி, கார் போட்டுட்டீங்களா?" அருணகிரியின் கட்டைவிரல் போட்டுவிட்டது. மனது பிடரியிலேயே இருந்தது. சொல்லிவிட்டு அப்புறம் என்ன செய்வது, சொன்னதும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும், ஸாரி என்று ஒரு கை தோளில் விழுவதற்கு முன்னால் நடந்துவிட வேண்டும், அந்தக் கை விழுந்தால் அடித்துவிடுவேன் என்று அவன் நினைத்தான். கண்ணாடிக் கதவு திறந்தது. ஈரத்துணியை முகத்தில் போட்ட மாதிரி சென்னை வந்து அப்பியது. அவன் மூக்குக்கண்ணாடி ஒரு நொடியில் ஆவி படிந்து வெளுத்தது. "வந்துடுச்சு நம்ம ஊர் முத்தம்," என்றார் சடகோபன். ஆவி படிந்த கண்ணாடிக்குள் எல்லாம் வெள்ளையாக இருந்தது, அந்தப் பிடரி மட்டும் கறுப்பாக அசைந்தது. அதைப் பின்தொடர்ந்தான். தையிலேயே இப்படி இருந்தா பங்குனியில என்ன ஆகும் என்று யாரோ சொன்னார்கள். லிஃப்ட் ஏறியது. கார் நிற்கிற மாடியில் ஒரு வெள்ளைக் கார் முன்விளக்கைச் சிமிட்டியது. "ஓ.டி.பி. சொல்லுங்க சார்," என்றான் டிரைவர். அருணகிரி சொன்னான். கதவைத் திறந்து முன் இருக்கையில் உட்கார்ந்தான். பந்தயத்தில் தோற்றவர்தான் முன் இருக்கை.

கார் சரிவில் சுற்றிச் சுற்றி இறங்கியது. பின்னாலிருந்து சடகோபன், "ஏசியைக் கொஞ்சம் தாராளமா வைங்க தம்பி. டெல்லியில இருந்து வர்றோம், உடம்பு ஏமாந்துடக் கூடாது," என்றார். பெஞ்சமின் சிரித்தார். டிரைவரும் சிரித்தான். ஜில்லென்று முகத்தில் காற்று அடித்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி ஓரத்திலிருந்து விலகி, நடுவில் தெளிந்து, சாலை தெரிந்தது. இப்போதுதான் சரியான நேரம் என்று அருணகிரி நினைத்தான். சின்ன இடம். கதவு சாத்தியிருக்கிறது. யாரும் எழுந்து போக முடியாது. வாக்கியமும் கிடைத்துவிட்டது. "சார், மேல மேல போட்டுக்கிட்டே ஒருத்தன் செத்துப் போனா என்ன சொல்வீங்க?" கேள்வியாகவே இருக்கட்டும். பதில் சொல்லத் தடுமாறட்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினான். மடியில் போன் அடித்தது. மதினி என்று வந்தது. ஒரு கணம் அவனுக்குக் கோபம் வந்தது, இவ்வளவு நேரம் தேடிக் கண்டுபிடித்ததைச் சொல்ல விடமாட்டேன் என்கிறாளே என்று. எடுத்தான். "தம்பி, பிளேனு எறங்கி ரொம்ப நேரமாச்சுங்காவ. எங்கன வந்துக்கிட்டு இருக்கிய? வாசல்ல எங்களை உள்ள விட மாட்டேங்காவ. உங்க பேரைத்தான் கேக்காவ. பெறகு ஒண்ணு தம்பி, இங்க வெயிலு சுள்ளுன்னு அடிக்கி." அருணகிரி ஜன்னலைப் பார்த்தான். இடது பக்கம் நீளமான காம்பவுண்டுச் சுவரும், அதன் மேல் முள்கம்பியும், கம்பிக்கு மேலே சரக்கு முனையம் என்கிற பலகையின் பின்பக்கமும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பின்பக்கம். தாண்டி வந்துவிட்டது. அவன் வாயிலிருந்து தேடி வைத்த வாக்கியம் எங்கோ போயிற்று. "நிறுத்துங்க," என்றான். டிரைவர், "இங்க நிறுத்த முடியாது சார்," என்றான். "நிறுத்துங்க." கார் ஓரம் கட்டியது. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. "என்னாச்சு கிரி? எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார் சடகோபன். "எங்க அண்ணனை." பெஞ்சமின் முன்னால் குனிந்தார். "அண்ணனா? நம்ம ஃபிளைட்லயா வந்தாரு? சொல்லவே இல்லையே. எந்த வரிசை?" "வரிசை இல்லை சார். கீழே. சரக்கோட." பெஞ்சமின் ஏதோ புரிந்துகொண்டு தலையில் கை வைத்தார். சடகோபன் மெதுவாக, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே கிரி," என்றார். மூன்று மணி நேரம் அருணகிரி இவரை அடிக்கத் தேடிக்கொண்டிருந்த சொல்லை இவரே எடுத்து அவன் மேல் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. "வண்டியைத் திருப்பட்டுமா சார்?" என்றான் டிரைவர், பிறகு அவனே, "யூ டர்ன் கத்திப்பாரா போய்த்தான்," என்றான். அருணகிரி கதவைத் திறந்து இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் போனதும் ஓடினான். எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் அவனைத் திட்டிக்கொண்டு போனார்கள். வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்தது. ஸ்வெட்டருக்குள் வியர்வை புழுவாக ஊர்ந்தது. ஓடும்போதும் கோபம் கூடவே ஓடி வந்தது. அந்தக் காரின் மீது, அந்தக் கார்ப்பெட்டின் மீது, ஓ.டி.பி. சொன்ன தன் வாயின் மீது, யோசிக்காமலே கார் பிடிக்கத் தெரிந்த கட்டைவிரலின் மீது. வாராவாரம் போய்வந்து போய்வந்து கால் தானாக நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இவ்வளவு தூரம் அவனை நடத்தி வந்தது கால்தான், கோபம் அல்ல. கோபம் வெறுமனே கூட வந்தது.

வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் மதினி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவன் சாலைப் பக்கமிருந்து ஓடி வருவதைப் பார்த்தாள். உள்ளேயிருந்து வர வேண்டியவன் வெளியேயிருந்து வருகிறானே என்று கேட்கவில்லை. சீட்டைக் காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டான். அவளையும் உள்ளே விட்டார்கள். "யாரு சார் அருணகிரி? எவ்வளவு நேரமாக் கூப்பிடுறது?" என்றபடி ஒருவன் கொட்டகையின் பக்கவாட்டுக்கு நடந்தான். அருணகிரி அவனை முந்திக்கொண்டு போனான். தெர்மோகோல் பெட்டிகளும் அட்டைப் பெட்டிகளும் கூரைக்கு உள்ளே அடுக்கியிருந்தன. கூரையின் நிழல் தரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், நாலு சக்கரத் தள்ளுவண்டியின் மேல் அண்ணன் இருந்தான். "எறக்கும்போது நெழல்லதான் சார் வெச்சோம். வெயில் நகர்ந்துடுச்சு," என்றான் கூட வந்தவன். அவன் சொன்னது உண்மைதான் என்று தரையைப் பார்த்தாலே தெரிந்தது. கோடு வண்டிச் சக்கரத்திலிருந்து அப்போதுதான் விலகியிருந்தது என்று சொல்ல முடியாது, ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தள்ளிப் போயிருந்தது. அருணகிரி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தான். தகரப் பட்டை சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான், தன் கைக்கு அடியில் இருக்கிற அளவுக்காவது நிழல் என்று. மதினி பின்னால் வந்து நின்றாள். "வெயில்ல கெடந்துட்டாவளா தம்பி?" "இல்ல மதினி. இப்பத்தான் எறக்குனாங்க." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிற வியர்வையைப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டி, அவன் கைக்குப் பக்கத்தில், அதே தகரத்தின் மேல் விரல்களை விரித்து வைத்தாள். அவள் முகத்தில் சூடு ஏறியது தெரிந்தது. "ஸ்வெட்டரைக் கழட்டுங்க தம்பி, வேர்க்கில்லா," என்றாள். தகரத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.